மூளையில் குளூட்டமேட் கடத்தலைத் தடுப்பான்கள் கொண்டு ஆராய்வது எப்படி? கடற்கரை மாவட்ட மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மண்டபம், பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி என்றால் அது பிழைப்பு. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகார் தயாரிக்கப் போகும். கட்டக்கோரை ஆல்ஜினேட்டுக்குப் போகும். முதல் இரண்டும் சிவப்புப் பாசிகள். அதே சிவப்புப் பாசிகளில் டைஜீனியா சிம்ப்ளெக்ஸ் என்று ஒன்று உண்டு. ஜப்பானில் அதைக் குடற்புழுவுக்கு மருந்தாகக் குடித்து வந்தார்கள். 1953ல் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் கைனிக் அமிலம். அதன் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனை ஏற்றினால் கிடைப்பது டைஹைட்ரோகைனிக் அமிலம், ஆய்வகப் பேச்சில் டிஹெச்கே. மூளையில் குளூட்டமேட்டை வாரி எடுக்கும் முக்கியமான கடத்தியைத் தனியாகப் பிரித்து அடைக்க உலகம் முழுக்கப் பயன்படும் பொருள் அது.

தொண்டி, கீழக்கரை, ராமநாதபுரம், பரமக்குடி என்று இந்தப் பக்கத்தில் விலங்கியலும் உயிர்வேதியியலும் படித்துவிட்டு, மதுரைக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ புராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே போய் நின்றதும் கையில் ஒரு சிறு குப்பியைக் கொடுத்து, 'இதைப் போட்டு அப்டேக் பார்', அதாவது செல் குளூட்டமேட்டை எவ்வளவு உள்ளே வாரி எடுக்கிறது என்று பார், என்பார்கள். அந்தக் குப்பி என்ன செய்கிறது என்று தெரியாமல் போட்டால் எண்கள் வரும், பொருள் வராது.

முதலில், எதை அடைக்கிறோம்?

மூளையில் கிளர்ச்சி சமிக்ஞைக்கான முதன்மை வேதிப்பொருள் குளூட்டமேட். அஜினமோட்டோவில் இருப்பதும் இதன் சோடியம் உப்புதான். 1908ல் இக்கெடா அதைப் பிரித்ததும் ஒரு கடற்பாசியிலிருந்தே, ஆனால் அது கொம்பு என்னும் பழுப்புப் பாசி. செல்லுக்குள்ளே குளூட்டமேட் மில்லிமோலார் கணக்கில் இருக்கும். வெளியே சில மைக்ரோமோலார் தேங்கினாலே நரம்பு செல்களுக்கு ஆபத்து. வெளியே வந்ததை உடைக்க சினாப்ஸில் (நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்தில்) நொதி கிடையாது, வாரி உள்ளே எடுத்தால்தான் உண்டு.

அந்த வேலையைச் செய்யும் புரதங்கள் இஏஏடி1 முதல் இஏஏடி5 வரை ஐந்து. எலியில் இஏஏடி1க்கு கிளாஸ்ட் என்றும், இஏஏடி2க்கு ஜிஎல்டி-1 என்றும், இஏஏடி3க்கு இஏஏசி1 என்றும் பெயர். இந்த மூன்றின் மரபணுக்களும் 1992ல் வெளிவந்தன. முன்மூளையில் பெரும்பங்கு வேலை ஆஸ்ட்ரோசைட்டுகளில் (நரம்பு செல்களுக்குத் துணை நிற்கும் செல்களில்) இருக்கும் ஜிஎல்டி-1உடையது. 1997ல் அந்த மரபணுவை நீக்கிய எலிகள் வலிப்பு வந்து செத்தன.

ஒரு குளூட்டமேட் உள்ளே போகும்போது மூன்று சோடியம் அயனிகளும் ஒரு ஹைட்ரஜன் அயனியும் கூடப் போகின்றன. ஒரு பொட்டாசியம் வெளியே வருகிறது. சோடியச் சரிவுதான் இதன் எஞ்சின். இது மனதில் பதிந்தால் பின்னால் வரும் கட்டுப்பாட்டுச் சோதனைகள் எல்லாம் தானாகப் புரியும்.

படி 1: தடுப்பான் உள்ளே போகிறதா, வாசலிலேயே நிற்கிறதா?

இந்த ஒரு கேள்வியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். 'தடுப்பான்' என்று ஒரே பெயரில் விற்கும் பொருள்களில் இரண்டு சாதிகள் உண்டு.

ஒன்று, போலிச் சரக்கு. பிடிசி, த்ரியோ-பீட்டா-ஹைட்ராக்சிஆஸ்பார்டேட் போன்றவை. இவை குளூட்டமேட்டின் இடத்தில் உட்கார்ந்து தாங்களே செல்லுக்குள் கடத்தப்படுகின்றன. தீவுக்குப் போகும் வள்ளத்தில் உங்கள் இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. வள்ளம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதைவிட மோசம், அக்கரையில் அவர் இறங்கியதும் அங்கிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். அதாவது உள்ளே இருந்த குளூட்டமேட் வெளியே வரும். வெளியே குளூட்டமேட் கூடியதைப் பார்த்து, 'வாரி எடுப்பது நின்றதால் தேங்கியது' என்று எழுதிவிடுவோம். பாதிக்குப் பாதி அது இந்த மாற்றுக் கடத்தலால் வந்ததாக இருக்கலாம்.

இன்னொன்று, உண்மையான அடைப்பான். டிஹெச்கே, டிபிஓஏ, டிஎஃப்பி-டிபிஓஏ, வே-213613 ஆகியவை. இவை கடத்தியில் பிடித்துக்கொள்ளும், உள்ளே போகாது. கடத்தி இரண்டு திசையிலும் நின்றுவிடும்.

எந்தச் சாதி என்று சந்தேகம் வந்தால் சோதித்துப் பாருங்கள். ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய டி-ஆஸ்பார்டேட்டைத் திசுவுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஊட்டுங்கள். இது கடத்தப்படும், ஆனால் செல்லுக்குள் செரிக்காது என்பதால் வசதி. கழுவிவிட்டு, 37 டிகிரி பஃபரில் மீண்டும் கலக்கி, சோதிக்க வேண்டிய பொருளை வெளியே சேருங்கள். 1, 3, 5, 10 நிமிடங்களில் கொஞ்சம் எடுத்து வடிகட்டி, வெளியே வந்த கதிரியக்கத்தை அளவிடுங்கள். வெளியேற்றம் கூடினால் அது போலிச் சரக்கு. கூடவில்லை, அல்லது குறைந்தது என்றால் அடைப்பான். மின்னியல் கருவி இருக்கும் ஆய்வகம் என்றால் இன்னும் எளிது: போலிச் சரக்கு தானே உள்நோக்கிய மின்னோட்டத்தை எழுப்பும், அடைப்பான் எழுப்பாது.

இதன் பலன் எங்கே தெரியும் என்றால் பக்கவாதம் பற்றிய ஆய்வில். கடுமையான இரத்தத் தடையில் சோடியச் சரிவு குலைந்து, கடத்தி தலைகீழாக ஓடிக் குளூட்டமேட்டை வெளியே கொட்டுகிறது என்று 2000ல் ரோஸி, ஓஷிமா, அட்வெல் ஆகியோர் காட்டினார்கள். அங்கே கடத்தியை அடைத்தால் வெளிக் குளூட்டமேட் குறைய வேண்டும். ஆரோக்கியமான திசுவிலோ அதே அடைப்பு அதைக் கூட்டும். ஒரே பொருள், எதிரெதிர் விளைவு.

படி 2: எந்தக் கடத்திக்கு எது

டிஹெச்கே இஏஏடி2ஐத் தேர்ந்து பிடிக்கும். அதன் கேஐ (பிடிப்பைக் காட்டும் எண், குறைந்தால் பிடிப்பு கூடுதல்) சுமார் 23 மைக்ரோமோலார். இஏஏடி1க்கும் 3க்கும் 3 மில்லிமோலாருக்கு மேல். வே-213613உம் இஏஏடி2க்குத்தான், ஆனால் 85 நேனோமோலாரிலேயே வேலை செய்யும். இஏஏடி1க்கு 5 மைக்ரோமோலார், இஏஏடி3க்கு 3.8 மைக்ரோமோலார் வேண்டும். இஏஏடி1ஐத் தனியாக அடைக்க யூசிபிஹெச்-101, ஐசி50 (கடத்தலைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) சுமார் 0.66 மைக்ரோமோலார். எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக நிறுத்த டிபிஓஏ. அதைவிடப் பல மடங்கு வீரியம் கொண்டது டிஎஃப்பி-டிபிஓஏ, இஏஏடி1க்கு 22, இஏஏடி2க்கு 17, இஏஏடி3க்கு 300 நேனோமோலார்.

செறிவை எப்படித் தீர்மானிப்பது? பலர் முந்தைய கட்டுரையைப் பார்த்து அதே எண்ணைப் போடுகிறார்கள். கணக்குப் போட ஒரு நிமிடம்தான் ஆகும். போட்டித் தடுப்பான் (குளூட்டமேட்டின் இடத்துக்கே போட்டியிடுவது) என்றால், அடைபடும் பங்கு = செறிவு ÷ (செறிவு + கேஐ). டிஹெச்கே 300 மைக்ரோமோலார் போட்டால் இஏஏடி2ல் 300 ÷ 323, அதாவது 93 சதவீதம். இஏஏடி1ல் கேஐயை 3,000 என்றே வைத்தாலும் 300 ÷ 3,300, சுமார் 9 சதவீதம்தான். 'நன்றாக அடைக்கட்டும்' என்று 1 மில்லிமோலார் போட்டால் இஏஏடி2 98 சதவீதத்துக்குப் போகும், ஆனால் இஏஏடி1 25 சதவீதம் வரை அடைபடலாம். ஐந்து சதவீத லாபத்துக்காகத் தேர்வுத்திறனையே பறிகொடுத்துவிட்டீர்கள். குளூட்டமேட் கூடுதலாகச் சேர்த்திருந்தால் கேஐ அதற்கேற்ப உயர்ந்தது போலத் தெரியும், அதையும் கணக்கில் எடுங்கள்.

இஏஏடிகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு: சினாப்ஸ் குமிழிகளில் குளூட்டமேட்டை நிரப்பும் விஜிளூட் என்பது வேறு குடும்பம், சோடியத்தால் அல்ல, புரோட்டான் விசையால் ஓடுவது, டிபிஓஏ அதைத் தொடாது. சிஸ்டீனை வாங்கிக்கொண்டு குளூட்டமேட்டை வெளியேவிடும் எக்ஸ்சிடி வேறு, அதற்கு சோடியமே வேண்டாம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் சல்ஃபாசலசின் அதை அடைக்கும்.

படி 3: எந்தத் திசுவில்?

இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். 'ஜிஎல்டி-1 ஆஸ்ட்ரோசைட்டில் இருக்கிறது, எனவே ஆஸ்ட்ரோசைட்டை வளர்த்து டிஹெச்கே போடுகிறேன்' என்பார்கள். போட்டால் ஒன்றும் நடக்காது. காரணம், நரம்பு செல்கள் இல்லாமல் தனியாக வளர்த்த ஆஸ்ட்ரோசைட்டில் கிளாஸ்ட்தான் மிகுதி. ஜிஎல்டி-1 மிகக் குறைவு. நரம்பு செல்களோடு சேர்த்து வளர்த்தாலோ, டைபியூட்டிரில் சைக்ளிக் ஏஎம்பி கொடுத்தாலோ அது கூடும். மருந்து கெட்டுவிட்டது என்று புதிதாக ஆர்டர் போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

விலங்கு வேண்டாம் என்றால் சி6 கிளையோமா செல்கள் இருக்கின்றன, அவற்றில் முக்கியமாக இஏஏசி1. ஒவ்வொரு கடத்தியையும் தனித்தனியாகப் பார்க்க அந்தந்த மரபணு ஏற்றிய ஹெச்இகே293 செல்கள். முழுத் திசுவின் நிலவரம் வேண்டும் என்றால் சினாப்டோசோம் அல்லது மூளைச் சீவல்.

சினாப்டோசோம் என்பது நரம்பு முனைகள் கிள்ளப்பட்டுத் தானே மூடிக்கொண்ட பைகள். எலியின் முன்மூளையை 0.32 மோலார் சுக்ரோஸில் டெஃப்லான் உலக்கை கொண்ட கண்ணாடி ஹோமோஜினைசரில் மெதுவாக அரைத்து, 1,000 ஜி-யில் பத்து நிமிடம் சுற்றி, மேல் திரவத்தை மட்டும் எடுத்து, 12,000 ஜி-யில் இருபது நிமிடம் சுற்றினால் அடியில் படியும். எல்லாம் 4 டிகிரியில். ஒரு விந்தை உண்டு: ஹிப்போகேம்பஸில் ஜிஎல்டி-1ன் சுமார் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நரம்பு முனைகளில் இருக்கிறது, ஆனால் சினாப்டோசோம் அப்டேக்கின் பெரும்பகுதியை அதுவே காட்டுகிறது. ஆகவே சினாப்டோசோமில் வரும் எண்ணை வைத்து 'ஆஸ்ட்ரோசைட் இப்படிச் செய்கிறது' என்று எழுதாதீர்கள்.

விலங்கு என்றால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். கதிரியக்கம் என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி உள்ள ஆய்வகமாக இருக்க வேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் குளூட்டமேட் டீஹைட்ரோஜினேஸ் நொதி முறை கைகொடுக்கும்: வெளியில் இருக்கும் குளூட்டமேட்டை நொதி மாற்றும்போது உருவாகும் என்ஏடிபிஹெச்சின் ஒளிர்வை 340ல் தூண்டி 460 நேனோமீட்டரில் படிக்கலாம்.

படி 4: பஃபரும் நம் ஊர்க் காற்றும்

சாதாரண பஃபர்: சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம், மெக்னீசியம் தலா 1 அல்லது 2, குளூக்கோஸ் 10, ஹெப்பீஸ் 10 மில்லிமோலார், பிஹெச் 7.4.

அதோடு கட்டாயம் ஒரு சோடியமில்லா பஃபர். சோடியம் இல்லாமல் ஒட்டிக்கொள்வதும் கசிவதும்தான் உங்கள் பின்னணி எண். அதைக் கழித்தால்தான் உண்மையான கடத்தல் தெரியும். சோடியத்துக்குப் பதில் கோலின் குளோரைடு போடுவது வழக்கம். இது ஈரத்தை இழுக்கும் பொருள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கடலோர ஆய்வகம் எதிலாவது குப்பியைத் திறந்து தராசில் வைத்து, தொலைபேசிக்கு பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் தாளில் பாகு நிற்கும். எடை என்று நீங்கள் எழுதியதில் பாதி தண்ணீர். எனவே புதிய குப்பியைத் திறந்த அன்றே முழுதையும் அடர் கரைசலாக்கி வைத்துவிடுங்கள், அல்லது என்-மெத்தில்-டி-குளூக்கமைனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஹெச் சரிசெய்து பயன்படுத்துங்கள்.

பிஹெச் சரிசெய்ய வழக்கமாகக் கை சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் போகும். சோடியமில்லா பஃபரில் அது கூடாது, டிரிஸ் காரத்தைச் சேருங்கள். தண்ணீரும் அப்படித்தான். இந்த மாவட்டத்தில் போர்த் தண்ணீர் எப்படிக் கரிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லிட்டருக்கு 3 கிராம் உப்பு கரைந்திருந்தாலே அது சுமார் 50 மில்லிமோலார் சோடியம், கடத்தி தாராளமாக ஓடப் போதும். சுத்திகரிப்பு இயந்திரத்தின் மின்தடை 18.2 மெகாஓம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டே பிடியுங்கள். கண்ணாடிப் பாத்திரங்களைக் கடைசியாக அலசுவதும் அந்தத் தண்ணீரிலேயே.

ஐஸ் விஷயத்தில் நமக்குக் குறைவில்லை. மீனுக்கு உடைக்கும் ஐஸ் கம்பெனிக் கட்டியே போதும், ஆனால் குழாயின் வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

படி 5: தடுப்பான் கரைசல்

டிஹெச்கேயும் டிபிஓஏவும் அமிலங்கள். அப்படியே கரைத்து மில்லிமோலார் கணக்கில் சேர்த்தால் பிஹெச் இறங்கும், கடத்தியோ புரோட்டானைக் கூட இழுத்துச் செல்லும் புரதம். சம மோலார் காரம் சேர்த்து நடுநிலையாக்கி, சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20ல் வையுங்கள். சோடியமில்லாச் சோதனைக்கு அந்தக் காரமும் சோடியமற்றதாக இருக்கட்டும். டிஎஃப்பி-டிபிஓஏ, யூசிபிஹெச்-101 இரண்டையும் டிஎம்எஸ்ஓவில் கரைக்கலாம். கடைசிக் கலவையில் அது 0.1 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம், அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட குழாயும் இருக்கட்டும்.

டிஹெச்கேவில் ஒரு உள்குத்து உண்டு. கைனிக் அமிலத்திலிருந்து செய்வதால் அது துளி மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. அரை சதவீதம் இருந்தாலும், 300 மைக்ரோமோலார் டிஹெச்கேவில் 1.5 மைக்ரோமோலார் கைனேட். குளூட்டமேட்டை உணரும் ஏற்பிகளைத் தட்டி எழுப்ப அது போதும். வெறும் அப்டேக் சோதனைக்குப் பிரச்சினை இல்லை. உயிருள்ள சீவலில் போடப் போகிறீர்கள் என்றால் தூய்மைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

கடற்கரையில் ஒதுங்கும் சிவப்புப் பாசியை அரைத்து நாமே எடுத்தால் என்ன என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பார். வேண்டாம். எந்தப் பாசியில் என்ன இருக்கிறது என்பது ஒருபுறம், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிக் கைவைப்பது சட்டப்படி குற்றம். அப்புறம், கைனேட்டின் உறவான டோமோயிக் அமிலம் கலந்த சிப்பி சாப்பிட்டு 1987ல் கனடாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்கு நினைவாற்றல் திரும்பவில்லை. கையுறை இல்லாமல் இந்தக் குடும்பத்துப் பொடியைத் தொடாதீர்கள்.

படி 6: அப்டேக் அளவீடு

ஒரு குழாய்க்கு 20 முதல் 50 மைக்ரோகிராம் புரதம், மொத்தம் அரை மில்லிலிட்டர். 37 டிகிரியில் பத்து நிமிடம் தடுப்பானோடு வைத்திருந்து, துளி ட்ரிட்டியம் குளூட்டமேட் கலந்த சாதாரண குளூட்டமேட்டைச் சேருங்கள். இரண்டு நிமிடம். பனிக்குளிர் பஃபர் மூன்று மில்லிலிட்டர் ஊற்றி நிறுத்தி, உடனே கண்ணாடி இழை வடிதாள் வழியே வெற்றிடத்தில் உறிஞ்சி, இரண்டு மூன்று முறை கழுவி, தாளைச் சிண்டிலேஷன் குப்பியில் போட்டு எண்ணுங்கள்.

இந்த 'இரண்டு நிமிடம்' எங்கிருந்து வந்தது? உங்கள் திசுவில் நீங்களே கண்டுபிடிக்க வேண்டியது. முதல் நாள் தடுப்பானே வேண்டாம். அரை நிமிடம், 1, 2, 3, 5, 10 நிமிடங்களில் எடுத்து வரைபடம் போடுங்கள். கோடு வளையத் தொடங்கும் இடத்துக்கு முன்னால் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வளைந்த பிறகு அளந்தால், தடுப்பான் வேகத்தைக் குறைத்திருந்தாலும் அது மறைந்துவிடும்.

போலிச் சரக்கு வகையை அளவிடும்போது அந்தப் பத்து நிமிட முன்-ஊறலை விட்டுவிடுங்கள். ஊறும் நேரத்தில் அது உள்ளே சேர்ந்து, பின்னால் மாற்றுக் கடத்தலை ஊக்கிவிடும். குளூட்டமேட்டோடு சேர்த்தே போடுங்கள்.

ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று குழாய், வெவ்வேறு விலங்குகளிலிருந்து திரும்பத் திரும்ப. மூன்று குழாய் என்பது மூன்று மாதிரிகள் ஆகாது. விலங்கு எண்ணிக்கையே 'என்' (மாதிரி எண்ணிக்கை). வடிதாளில் தடுப்பான் மட்டும் போட்ட வெற்றுக் குழாயும் ஒன்று வையுங்கள். ஓட்டத்தின் நடுவே கரண்ட் போனால் வெற்றிட பம்ப் நிற்கும். யுபிஎஸ் இல்லாத அறையில் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

படி 7: எண்களைப் படிப்பது

ஐசி50 உங்கள் சோதனையின் எண், கேஐ தடுப்பானின் எண். போட்டித் தடுப்பானுக்கு கேஐ = ஐசி50 ÷ (1 + குளூட்டமேட் செறிவு ÷ கேஎம்). கேஎம் என்பது கடத்தி பாதி வேகத்தில் ஓடும் குளூட்டமேட் செறிவு. உதாரணமாக ஐசி50 60 மைக்ரோமோலார், போட்ட குளூட்டமேட் 10, கேஎம் 20 என்றால், 60 ÷ 1.5 = 40. யூசிபிஹெச்-101க்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அது குளூட்டமேட் உட்காரும் இடத்தில் உட்காராமல் வேறிடத்தில் பிடித்துக்கொள்கிறது; விடவும் நேரமாகும். அதைக் கழுவி அகற்றிவிட்டு 'மீண்டதா' என்று உடனே பார்ப்பது வீண்.

டிஹெச்கே போட்டும் மிஞ்சும் கடத்தலை உடனே இஏஏடி1 கணக்கில் எழுதாதீர்கள். அதன் மேல் யூசிபிஹெச்-101 சேர்த்துப் பாருங்கள், பிறகு டிபிஓஏ. மூன்றும் போட்ட பிறகும் எஞ்சுவது சோடியமில்லாப் பின்னணியோடு ஒத்துவர வேண்டும். அந்தப் பின்னணியே அதிகமாக இருந்தால் எக்ஸ்சிடி இருக்கிறதா என்று தேடுங்கள், அதற்கு சோடியம் தேவையில்லை.

படி 8: மூளைச் சீவலில்

300 மைக்ரான் சீவல், 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் ஊதிய கரைசல். இங்கே அடைப்பானைப் போட்டால் அடைபடுவது மட்டும் நடப்பதில்லை. தேங்கிய குளூட்டமேட் தன் வேலையைத் தொடங்கிவிடும். என்எம்டிஏ என்னும் குளூட்டமேட் ஏற்பிகள் நீண்ட நேரம் திறந்திருக்கும், டிபிஓஏவில் வலிப்பு போன்ற வெடிப்புகள் வரும். எதிர்பாராதது, சினாப்ஸ் சமிக்ஞை சில நேரம் குறைவதும் உண்டு: தேங்கிய குளூட்டமேட் நரம்பு முனையில் இருக்கும் மெட்டபோட்ரோபிக் ஏற்பிகளைத் தட்டி, வெளியீட்டையே குறைத்துவிடும். சமிக்ஞை சிறிதானதைப் பார்த்து 'தடுப்பான் ஏற்பியை அடைத்தது' என்று முடிவுகட்ட வேண்டாம்.

கடத்தியின் மின்னோட்டத்தை மட்டும் ஆஸ்ட்ரோசைட்டில் பார்க்க வேண்டும் என்றால் ஏபி5, என்பிக்யூஎக்ஸ் போட்டு ஏற்பிகளை மூடிவிட்டுத் தொடங்குங்கள். 2013ல் வந்த ஐகுளூஸ்னிஃபர் போன்ற ஒளிர் உணரி கிடைத்தால் வெளிக் குளூட்டமேட்டை நேரடியாகவே பார்க்கலாம். சேர்க்கும் தடுப்பான் உணரியிலும் ஒட்டுகிறதா என்று மட்டும் திசு இல்லாமல் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: குறிப்பேடு

தடுப்பானின் பெயருக்குப் பக்கத்தில் தயாரிப்புத் தொகுதி எண், கரைத்த தேதி, எத்தனை முறை உறைந்து உருகியது, எந்தக் காரத்தால் நடுநிலையாக்கியது, போட்ட குளூட்டமேட் எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு என்று எழுதுங்கள். வெப்பநிலையை விட்டுவிட்டால் அறை வெப்பத்தில் அளந்தவரோடு 37 டிகிரியில் அளந்தவரை ஒப்பிடவே முடியாது, வேகம் இரண்டு மூன்று மடங்கு மாறும். ட்ரிட்டியம் பட்ட வடிதாள், பைப்பெட் முனை, கழுவிய நீர் எல்லாம் தனித்தனிக் கலனில், தேதியும் அளவும் எழுதி, ஆய்வகத்தின் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியிடம் போக வேண்டும்.